கர்னல் ஸ்டாக் டிரேஸ் சரியான இடத்தில் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கர்னல் பேனிக் ஆனதும் (மீள முடியாத பிழையில் நின்றதும்) திரையில் வந்து விழும் ஸ்டாக் டிரேஸில் (எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற பட்டியலில்) நம் கண் நேராக மேல் வரிகளுக்குத்தான் போகும். பிழை நடந்த இடம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த டிரேஸை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கடைசி வரிதான் சொல்லும். த்ரெட் பிறந்த இடம் வரை போய் அங்கே நின்றிருந்தால் நடுவில் உள்ள வரிகளையும் ஓரளவு தைரியமாக நம்பலாம். வழியில் எங்கோ சங்கிலி அறுந்து நின்றிருந்தால், அதற்கு மேலே இருக்கும் வரிகளின் மீதும் சந்தேகம் வர வேண்டும்.

ஸ்டாக்கை நடந்து டிரேஸை எடுக்கும் பகுதிதான் அன்வைண்டர். இந்த இரண்டு நிலைக்கும் வித்தியாசம் தெரியாத அன்வைண்டர்கள் நிறைய உண்டு. ஃபிரேம் பாயிண்டர் (ஸ்டாக்கில் ஒரு ஃபங்ஷனுக்குரிய பகுதியான ஃபிரேமைக் காட்டும் முகவரி) பூஜ்ஜியமாக வந்தாலும் சரி, கண்டபடி ஒரு முகவரி வந்தாலும் சரி, லூப்பை விட்டு வெளியே வந்துவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கீழே வரும் அறிகுறிகள் பலவற்றின் வேரும் இதுதான்: ஸ்டாக்கை உருவாக்கும் இடம் முடிவுக் குறி வைக்கவில்லை, அல்லது குறி இருந்தும் அன்வைண்டர் அதைச் சரிபார்க்கவில்லை.

சொந்தமாகக் கர்னல் எழுதுகிறவர்களையும், இருக்கிற கர்னலைப் புதிய பிராசஸருக்குக் கொண்டுபோகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எக்ஸ்86-64ஐ வைத்தே விளக்குகிறேன். ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஏன் நின்றது என்று சொல்ல வையுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கிருந்து தொடங்குங்கள். அன்வைண்டர் வெறுமனே நின்றுவிடாமல், நின்ற காரணத்தைத் திருப்பித் தரட்டும். ஐந்து காரணங்கள் போதும்: முடிவுக் குறியைக் கண்டது, யூசர் மோடிலிருந்து உள்ளே நுழைந்த எல்லையை அடைந்தது, ஃபிரேம் பாயிண்டர் ஸ்டாக்குக்கு வெளியே போனது, சங்கிலி முன்னேறாமல் பின்னால் திரும்பியது, வரி வரம்பு தீர்ந்தது. முதல் இரண்டும் நல்ல முடிவு. மற்ற மூன்றும் தோல்வி, அதை டிரேஸின் கடைசியில் வெளிப்படையாகவே அச்சிட வேண்டும்.

```
ப்ளாக்_ரீட்+60
வொர்க்கர்_லூப்+212
த்ரெட்_தொடக்கம்+18
நின்ற காரணம்: முடிவுக் குறி, ஃபிரேம் இடம்: உச்சி - 16
```

கடைசி ஃபிரேம் பாயிண்டரையும், அது ஸ்டாக்கின் உச்சியிலிருந்து (ஸ்டாக் தொடங்கும் மிக உயர்ந்த முகவரியிலிருந்து) எத்தனை பைட் கீழே இருக்கிறது என்பதையும் சேர்த்து அச்சிடுவது முக்கியம். அந்த ஒரு எண்ணை வைத்தே பாதிப் பிழைகளைக் கண்டுபிடித்துவிடலாம். உச்சிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் த்ரெட் தொடங்கும் குறியீட்டில் கோளாறு. உச்சிக்கு ஆயிரக்கணக்கான பைட் கீழே நின்றிருந்தால் நடுவில் ஏதோ ஒரு அசெம்பிளி ரொட்டீனோ இன்டரப்டோ சங்கிலியை அறுத்திருக்கிறது.

சங்கிலி எப்படி அமைகிறது என்பதையும் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். எக்ஸ்86-64இல் ஒவ்வொரு ஃபங்ஷனும் நுழைந்தவுடன் பழைய ஆர்பிபியை (ஃபிரேம் பாயிண்டர் ரெஜிஸ்டரை) ஸ்டாக்கில் வைத்துவிட்டு, ஆர்எஸ்பியை (ஸ்டாக் பாயிண்டர் ரெஜிஸ்டரை) ஆர்பிபியில் நகலெடுக்கும். ஆகவே ஆர்பிபி காட்டும் இடத்தில் பழைய ஆர்பிபி; அதற்கு 8 பைட் மேலே திரும்பும் முகவரி. ஆர்ம்64இல் எக்ஸ்29 (அங்கே ஃபிரேம் பாயிண்டர்) காட்டும் இடத்தில் பழைய எக்ஸ்29, அடுத்த 8 பைட்டில் எக்ஸ்30, அதாவது திரும்பும் முகவரி. ரிஸ்க்-ஃபைவில் கணக்கு வேறு: ஃபிரேம் பாயிண்டர் ஃபிரேமின் மேல் விளிம்பைக் காட்டும், திரும்பும் முகவரி அதற்கு 8 பைட் கீழேயும், பழைய ஃபிரேம் பாயிண்டர் 16 பைட் கீழேயும் இருக்கும். எக்ஸ்86இல் ஓடிய அன்வைண்டரை அப்படியே ரிஸ்க்-ஃபைவுக்குக் கொண்டுபோனால் முதல் வரிக்குப் பிறகு எல்லாமே குப்பையாக வருவது இதனால்தான்.

இதெல்லாம் ஃபிரேம் பாயிண்டரோடு கம்பைல் செய்திருந்தால் மட்டுமே நடக்கும். ஜிசிசியும் கிளாங்கும் ஆப்டிமைசேஷன் போட்டால் பொதுவாக அதை விட்டுவிடும். நோ-ஆமிட்-ஃபிரேம்-பாயிண்டர் விருப்பம் கர்னலின் எல்லாக் கோப்புகளுக்கும், இணைக்கும் லைப்ரரிகளுக்கும் சேர்த்துப் போயிருக்கிறதா என்று பில்ட் பதிவில் பாருங்கள்.

அறிகுறி: எல்லா த்ரெட்டின் டிரேஸிலும் கடைசியில் ஒரு குப்பை வரி

மேல் வரிகள் எல்லாம் சரி. த்ரெட்டின் முதல் ஃபங்ஷன் வரை ஒழுங்காக வருகிறது. அதற்குக் கீழே பெயரில்லாத ஒரு முகவரியோ, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனோ நிற்கிறது.

காரணம் த்ரெட்டை உருவாக்கும் இடத்தில் இருக்கிறது. புதிய ஸ்டாக்கை ஒதுக்கி, ஸ்விட்ச் செய்யத் தேவையான ரெஜிஸ்டர்களை நிரப்பும்போது ஆர்பிபிக்கு எதையும் வைக்காமல் விட்டிருப்பார்கள். த்ரெட் ஓடத் தொடங்கும்போது ஆர்பிபியில் ஏதோ ஒரு பழைய மதிப்பு. முதல் ஃபங்ஷன் கடமையாக அதைச் சேமித்து வைக்கும். அன்வைண்டர் அதையும் நம்பி ஒரு படி கூடுதலாகப் போகும்.

இன்னொரு வகையும் உண்டு. தொடக்க ரொட்டீன் முதல் ஃபங்ஷனைக் கால் செய்யாமல் ஜம்ப் செய்து போயிருக்கும். அப்போது திரும்பும் முகவரி என்று ஒன்று ஸ்டாக்கில் ஏறவே இல்லை. ஆனால் ஃபங்ஷன் அது இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் ஃபிரேமை அமைக்கும். அந்த 8 பைட்டில் என்ன கிடந்ததோ அதுதான் உங்கள் கடைசி வரி. ஸ்டாக் 16 பைட்டுக்கு ஒழுங்குபட்டிருக்க வேண்டும் என்ற விதியும் இதனால் பிசகும். பிறகு எஸ்எஸ்இ கட்டளைகளை (பல எண்களை ஒரே நேரத்தில் கையாள்பவை) பயன்படுத்தும் குறியீடு வேறெங்கோ போய் விழும்.

ஆர்பிபியைப் பூஜ்ஜியமாக்குவதுதான் பலரும் செய்யும் திருத்தம். எக்ஸ்86-64இன் அழைப்பு விதிகளைச் சொல்லும் சிஸ்டம் ஃபைவ் ஏபிஐயும் மிக ஆழமான ஃபிரேமை அப்படித்தான் குறிக்கச் சொல்கிறது. ஆர்ம்64இன் அழைப்பு விதிகளிலும் சேமித்த எக்ஸ்29 பூஜ்ஜியமாக இருந்தால் சங்கிலி முடிந்தது என்று பொருள். இது வேலை செய்யும். ஆனாலும் எனக்கு இது மட்டும் போதாது. பூஜ்ஜியம் மெமரியில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் மதிப்பு. ஒரு பஃபரை எல்லை தாண்டிப் பூஜ்ஜியத்தால் நிரப்பிய பிழை ஸ்டாக்கின் நடுவில் ஒரு ஃபிரேமை அழித்தால், அன்வைண்டர் அங்கேயே நின்று முடிவு வந்துவிட்டது என்று அறிவிக்கும். மெமரி கெட்டுப்போன நேரத்தில்தான் நமக்கு டிரேஸ் அதிகம் தேவை. அந்த நேரத்திலேயே அது பொய் சொன்னால் என்ன பயன்?

ஆகவே மதிப்போடு இடத்தையும் சேர்த்துச் சரிபாருங்கள். அதற்கான அமைப்பு இப்படி:

1. ஸ்டாக்கின் உச்சியை 16 பைட்டுக்கு ஒழுங்குபடுத்தி, அதற்குக் கீழே 16 பைட்டை இறுதி ஃபிரேமுக்கு ஒதுக்குங்கள். இரண்டு 8 பைட்டிலும் பூஜ்ஜியம் எழுதுங்கள்.
2. புதிய த்ரெட்டின் ஆர்பிபியாக உச்சி - 16ஐ வையுங்கள்.
3. ஸ்விட்ச் ஃபிரேமை (ஸ்விட்ச் ஆகும்போது எடுக்கப்படும் ரெஜிஸ்டர் மதிப்புகளை) அதற்கு நேர் கீழே அமையுங்கள். தொடக்க ரொட்டீனுக்கு வந்துசேரும்போது ஆர்எஸ்பியும் உச்சி - 16இல் இருக்கும்.
4. தொடக்க ரொட்டீன் த்ரெட்டின் முதல் ஃபங்ஷனைக் கால் செய்யட்டும். ஜம்ப் வேண்டாம்.
5. அன்வைண்டர் உச்சி - 16 என்ற இடத்தை அடைந்து, அங்கே இரண்டு பூஜ்ஜியத்தையும் கண்டால் மட்டுமே நல்ல முடிவு என்று சொல்லட்டும். வேறு எங்கே பூஜ்ஜியம் கண்டாலும் அது தோல்வி.

லினக்ஸின் ஆர்ம்64 பகுதி 2021இல் இதே திசைக்குத்தான் வந்தது. ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக் உச்சியிலும் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் அமைப்புக்குள் ஒரு இறுதி ஃபிரேமை வைத்து, அந்த முகவரியை அடைந்தால்தான் முடிவு என்று அன்வைண்டர் பார்க்கத் தொடங்கியது.

அறிகுறி: மற்ற த்ரெட்கள் சரி, பூட் த்ரெட்டும் ஐடில் த்ரெட்களும் மட்டும் தவறு

மேலே சொன்ன திருத்தத்தைச் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது இது வரும். பூட் ஸ்டாக் உங்கள் த்ரெட் உருவாக்கும் ஃபங்ஷன் வழியாக வருவதில்லை. பூட்லோடர் கையில் கொடுத்த நிலையில், அசெம்பிளியில் ஆர்எஸ்பியை மட்டும் மாற்றிக்கொண்டு நேராக முதன்மை ஃபங்ஷனுக்குப் போயிருப்பீர்கள். மல்டிபூட் (பூட்லோடர் கர்னலை எப்படி ஏற்ற வேண்டும் என்று சொல்லும் தரநிலை) விதிப்படி, அது தனியாகக் குறிப்பிடாத ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டாக் பாயிண்டரும் ஃபிரேம் பாயிண்டரும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. எமுலேட்டரில் அது பூஜ்ஜியமாக இருந்து எல்லாம் சரியாகத் தெரியும். நிஜ இயந்திரத்தில் குப்பையாக இருக்கும்.

மற்ற சிபியுக்கள் எழுந்திருக்கும் வழி இன்னொரு பிறப்பிடம். அவை தனி அசெம்பிளி வழியாக வந்து, அப்படியே அந்தந்த சிபியுவின் ஐடில் த்ரெட்டாக (வேறு வேலை இல்லாதபோது ஓடும் த்ரெட்டாக) மாறிவிடும். கர்னலில் ஆர்எஸ்பிக்குப் புதிய மதிப்பு எழுதும் ஒவ்வொரு வரியையும் தேடி எடுங்கள். பட்டியல் நீளமாக இருக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி: இங்கே இறுதி ஃபிரேம் எழுதப்படுகிறதா, அல்லது முந்தைய ஸ்டாக்குக்கு இணைப்பு வைக்கப்படுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அங்கே ஒரு பிழை காத்திருக்கிறது.

அறிகுறி: கடைசி வரியில் யாரும் அழைக்காத ஃபங்ஷனின் பெயர்

முகவரி சரிதான், பெயர்தான் தவறு. கால் கட்டளை தனக்கு அடுத்த கட்டளையின் முகவரியைத்தான் ஸ்டாக்கில் வைக்கும். அழைக்கப்படும் ஃபங்ஷன் திரும்பாது என்று கம்பைலருக்குத் தெரிந்தால், அந்தக் கால் கட்டளைக்குப் பின்னால் எதையும் எழுதாது. அப்போது திரும்பும் முகவரி அடுத்த ஃபங்ஷனின் முதல் பைட்டைக் காட்டும். பெயர் தேடும் பகுதி அந்த அடுத்த ஃபங்ஷனின் பெயரையே தந்து, பக்கத்தில் +0 என்று போடும். அந்த +0தான் அடையாளம். பேனிக் ஃபங்ஷனை அழைத்த வரிகளிலும், த்ரெட் தொடக்க ரொட்டீனிலும் இது அடிக்கடி தலைகாட்டும்.

திரும்பும் முகவரியிலிருந்து 1ஐக் கழித்துவிட்டுப் பெயரைத் தேடுங்கள். லினக்ஸ் கர்னலின் அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்கே இதற்கென்றே தனி ஃபார்மட் வைத்திருக்கிறது. ஆனால் இன்டரப்டோ ஃபால்டோ சேமித்த ஆர்ஐபிக்கு (கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டருக்கு) இந்தக் கழித்தலைச் செய்யாதீர்கள். அது அடுத்து இயங்க வேண்டிய அல்லது ஃபால்ட் ஆன கட்டளையின் முகவரி. ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே ஃபால்ட் ஆகியிருந்தால் கழித்தல் உங்களை முந்தைய ஃபங்ஷனுக்குள் தள்ளிவிடும். எனவே ஒவ்வொரு வரியும் திரும்பும் முகவரியா, குறுக்கிடப்பட்ட முகவரியா என்பதை அன்வைண்டர் கூடவே தர வேண்டும்.

நீங்களே எழுதும் தொடக்க ரொட்டீனில் கால் கட்டளைக்குப் பின்னால் யூடி2 (இயங்கினால் உடனே ஃபால்ட் ஆகும் கட்டளை) ஒன்றை வைத்துவிடுங்கள். ஆர்ம்64 என்றால் பிஆர்கே. திரும்பும் முகவரி அதே ரொட்டீனுக்குள் விழும். திரும்பக் கூடாத ஃபங்ஷன் திரும்பிவிட்டாலும் அங்கேயே பிடிபடும்.

அறிகுறி: கர்னல் டிரேஸில் யூசர் முகவரிகள் வருகின்றன, அல்லது டிரேஸ் எடுக்கும்போதே ஃபால்ட் ஆகிறது

எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் திருத்தச் சொல்வேன். இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

சிஸ்டம் கால் வழியாகவோ, யூசர் மோடில் இருக்கும்போது வந்த இன்டரப்ட் வழியாகவோ கர்னலுக்குள் நுழையும்போது ஆர்பிபியில் இருப்பது யூசர் நிரலின் மதிப்பு. அந்த நிரல் ஃபிரேம் பாயிண்டர் இல்லாமல் கம்பைல் ஆகியிருந்தால் ஆர்பிபியில் எந்த எண்ணும் இருக்கலாம். நுழைவு ரொட்டீன் அதைத் தொடாமல் சி ஃபங்ஷனை அழைத்தால், அந்த எண் கர்னல் ஸ்டாக்கில் முந்தைய ஃபிரேமின் முகவரியாகப் பதிந்துவிடும். அன்வைண்டர் அதைப் பின்பற்றும். எஸ்மேப் இருக்கும் பிராசஸரில், யூசர் பக்கத்தைத் தொட்டதற்காக உடனே ஃபால்ட். வேண்டுமென்றே ஒரு கர்னல் முகவரியை ஆர்பிபியில் வைத்துவிட்டு சிஸ்டம் கால் செய்யும் நிரலை நினைத்துப் பாருங்கள்: அது சொன்ன இடத்தை உங்கள் அன்வைண்டர் படித்து, கிடைத்ததைப் பதிவில் அச்சிட்டுக் கொடுக்கும்.

சுலபமான திருத்தம், எல்லா ரெஜிஸ்டர்களையும் சேமித்த பிறகு ஆர்பிபியைப் பூஜ்ஜியமாக்குவது. லினக்ஸின் எக்ஸ்86-64 நுழைவு ரொட்டீன் 2018 முதல் பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களைச் சேமித்தவுடன் துடைத்துவிடுகிறது. அங்கே முக்கியக் காரணம் ஸ்பெகுலேஷன் தாக்குதல்களுக்கு (பிராசஸர் ஊகித்து முன்கூட்டியே இயக்குவதைப் பயன்படுத்தும் தாக்குதல்களுக்கு) வழி குறைப்பது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஃபிரேம் பாயிண்டரோடு பில்ட் ஆகும் லினக்ஸ் எக்ஸ்86-64இல், சேமித்த ரெஜிஸ்டர் தொகுப்பின் முகவரியோடு 1ஐக் கூட்டி ஆர்பிபியில் வைப்பார்கள். உண்மையான ஃபிரேம் முகவரி எப்போதும் 8ஆல் வகுபடும். ஆகவே கடைசி பிட் 1 என்றால் இது ஃபிரேம் இல்லை, ரெஜிஸ்டர் தொகுப்பு என்று அன்வைண்டருக்குத் தெரிந்துவிடும். அங்கே போய்ச் சேமித்த சிஎஸ் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டைப் பார்க்கும். 3 என்றால் யூசர் மோடிலிருந்து வந்தது. டிரேஸ் அங்கே முறையாக முடிகிறது. 0 என்றால் கர்னல் ஓடிக்கொண்டிருந்தபோது வந்த இன்டரப்ட். அந்தத் தொகுப்பில் உள்ள ஆர்ஐபியை ஒரு வரியாக எழுதிவிட்டு, அதிலுள்ள ஆர்பிபியிலிருந்து நடையைத் தொடரலாம். வெறும் பூஜ்ஜியம் வைத்தால் இந்த இரண்டாவது வசதி கிடைக்காது: கர்னலுக்குள்ளேயே வந்த இன்டரப்டில் டிரேஸ் இன்டரப்ட் ஹேண்ட்லரோடு நின்றுவிடும்.

நுழைவு ரொட்டீன்கள் பல என்பதை மறக்க வேண்டாம். சிஸ்கால், பழைய இன்ட் 80, பேஜ் ஃபால்ட், டைமர், என்எம்ஐ (தடுத்துவைக்க முடியாத இன்டரப்ட்) எல்லாம் தனித்தனி வாசல்கள். பொதுவான மேக்ரோ ஒன்றை எழுதி எல்லா வாசலிலும் அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு இடைவெளியை மட்டும் எந்த மேக்ரோவாலும் அடைக்க முடியாது. எக்ஸ்86-64இன் சிஸ்கால் கட்டளை ஆர்ஐபியை ஆர்சிஎக்ஸிலும், ஃபிளாக்குகளை ஆர்11இலும் வைக்கும், ஸ்டாக்கை மாற்றாது. கர்னல் தன் முதல் சில கட்டளைகளை இயக்கி ஸ்டாக்கை மாற்றும் வரை, சிபியு கர்னல் மோடில் இருக்கும், ஆனால் ஆர்எஸ்பியும் ஆர்பிபியும் யூசருடையவை. சரியாக அந்த நேரத்தில் என்எம்ஐ வந்தால், சேமித்த சிஎஸ் கர்னல் என்று சொல்லும், ஆர்பிபி எங்கோ காட்டும். எனவே அன்வைண்டர் மோடை மட்டும் நம்பாமல், அடுத்த ஃபிரேம் தனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கர்னல் ஸ்டாக்கின் எல்லைக்குள் 16 பைட்டும் முழுதாக அடங்குகிறதா என்று பார்த்த பிறகே படிக்க வேண்டும். ஆர்ஐபி அந்த நுழைவுப் பகுதிக்குள் இருந்தால் அதை யூசர் எல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, அல்லது எப்போதும் சரியாக 64 வரி

வரி எண்ணிக்கை எப்போதும் உங்கள் வரம்புக்குச் சமமாக இருந்தால் டிரேஸுக்கு முடிவே இல்லை என்று அர்த்தம். வரம்புதான் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

ஃபிரேம் முகவரிகளையும் கூடவே அச்சிடுங்கள். முகவரி ஏறிக்கொண்டே போய், பெயர் மட்டும் திரும்ப வந்தால் அது நிஜமான ரிகர்ஷன். ஸ்டாக் நிரம்பி வழியும் பிழையாகவே இருக்கலாம். முகவரியே திரும்ப வந்தால் சங்கிலி வட்டமாகிவிட்டது. அடுத்த ஃபிரேம் முந்தையதைவிடக் கண்டிப்பாக மேலே இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு சோதனை வட்டத்தை உடைத்துவிடும்.

அந்தச் சோதனை இருந்தால் வரி வரம்பே தேவையில்லை. 16 கேபி ஸ்டாக்கில் ஒரு ஃபிரேமுக்குக் குறைந்தது 16 பைட். அதிகபட்சம் 1024 படி, அதற்குள் நடை தானாக முடிந்துவிடும். அச்சிடும் வரிகளுக்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடையை உச்சி வரை கொண்டுபோய்க் கடைசிச் சில வரிகளையும் சேர்த்துக் காட்டுங்கள். ரிகர்ஷன் பிழையில் யார் தொடங்கிவைத்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அறிகுறி: இன்டரப்டில் எடுத்த டிரேஸ் மட்டும் பாதியில் நிற்கிறது, அல்லது நடுவில் ஒரு ஃபங்ஷன் காணோம்

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டாக் மாற்றம். இன்டரப்டுக்குத் தனி ஸ்டாக், என்எம்ஐக்கும் டபுள் ஃபால்டுக்கும் தனித்தனி ஸ்டாக் என்று இருக்கும்போது, ஃபிரேம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மேலே சொன்ன 'ஏறிக்கொண்டே போக வேண்டும்' என்ற சோதனை அந்தத் தாவலைத் தவறாகத் தடுத்துவிடும். சோதனையை ஒவ்வொரு ஸ்டாக்குக்குள்ளும் தனியாக வையுங்கள். ஸ்டாக் மாறும்போது, அந்த ஸ்டாக்குக்கு இதற்கு முன் போயிருக்கிறோமா என்று பாருங்கள், போயிருந்தால் நிறுத்துங்கள். லினக்ஸும் பார்த்த ஸ்டாக்குகளை ஒரு பிட் மாஸ்கில் குறித்துவைத்து இதையே செய்கிறது.

ஃபங்ஷன் காணாமல் போவது வேறு கதை. ஏ என்பது பியை அழைக்கிறது, பி என்பது சியை அழைக்கிறது. சியின் முதல் கட்டளை இயங்கும் முன்பே இன்டரப்ட் வந்துவிட்டது. ஆர்ஐபி சியைக் காட்டும், ஆர்பிபி இன்னும் பியின் ஃபிரேமைக் காட்டும். பியின் ஃபிரேமில் இருக்கும் திரும்பும் முகவரி ஏவுக்குள் இருக்கிறது. டிரேஸில் சி, ஏ என்று வரும், பி மறைந்துவிடும். ஃபிரேம் பாயிண்டர் முறையின் பிறவிக் குறை இது, எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது, டிரேஸ் அழகாக முடிவுக் குறியில்தான் போய் நிற்கும். இதனால்தான் லைவ்பேட்ச் (ஓடிக்கொண்டிருக்கும் கர்னலையே திருத்தும் வசதி) போன்ற, டிரேஸை வைத்து முடிவெடுக்கும் பகுதிகளுக்காக லினக்ஸ் தனியாக நம்பகமான நடை ஒன்றை வைத்திருக்கிறது. ஃபிரேம் பாயிண்டர் கர்னலில், வழியில் கர்னல் மோடு ரெஜிஸ்டர் தொகுப்பு எதிர்ப்பட்டாலே அது தோல்வி என்று திரும்பிவிடும்.

முழுத் தீர்வு வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்டாக்கின் நிலையைச் சொல்லும் அட்டவணை தேவை. லினக்ஸ் 4.14இல் வந்த ஓஆர்சி அன்வைண்டர் அந்த வகை. ஆப்ஜ்டூல் என்ற கருவி கம்பைல் ஆன கோப்புகளை அலசி அட்டவணையைத் தயாரிக்கிறது. அசெம்பிளிப் பகுதிகளுக்குக் குறிப்புகளை நாமே கையால் எழுத வேண்டும், 'இங்கே ஸ்டாக் முடிகிறது' என்ற குறிப்பும் அதில் ஒன்று.

அறிகுறி: ஒரே வரியோடு முடிகிறது, ஆர்ஐபி பூஜ்ஜியம்

பூஜ்ஜியமான ஃபங்ஷன் பாயிண்டரை யாரோ அழைத்துவிட்டார்கள். முகவரி பூஜ்ஜியம் என்றால் முடிவு என்று எழுதிய அன்வைண்டர் தொடங்கும் முன்பே நின்றுவிடும். கால் கட்டளை திரும்பும் முகவரியை ஏற்கெனவே ஸ்டாக்கில் வைத்துவிட்டது, அதனால் ஆர்எஸ்பி காட்டும் இடத்தில் உள்ள மதிப்பு கர்னல் குறியீட்டுக்குள் இருந்தால் அதை அடுத்த வரியாக எடுத்துக்கொண்டு, ஆர்பிபியிலிருந்து தொடருங்கள். ஆர்ம்64இல் அது எக்ஸ்30இல் இருக்கும். லினக்ஸின் எக்ஸ்86 அன்வைண்டர்கள் 2019இல் இதைக் கற்றுக்கொண்டன.

அறிகுறி: செத்துப்போன த்ரெட்டின் ஃபங்ஷன்கள் தெரிகின்றன

இயந்திரம் தொடங்கிய புதிதில் எல்லாம் சரி, வெகுநேரம் ஓடிய பிறகு மட்டும் குழப்பம் என்றால், பழைய ஸ்டாக்குகளைத் துடைக்காமல் மறுபடி பயன்படுத்துகிறீர்கள். முந்தைய த்ரெட்டின் ஃபிரேம்கள் அப்படியே கிடக்கின்றன. எல்லைச் சோதனைகளில்கூட அவை தேறிவிடும், ஏனென்றால் அவை இதே ஸ்டாக்கின் நிஜமான முகவரிகள். இறுதி ஃபிரேமை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் போதும். முழு ஸ்டாக்கையும் துடைப்பது தகவல் கசிவைத் தடுக்க நல்லது, ஆனால் டிரேஸுக்காக அது தேவைப்படாது.

லினக்ஸ் டிரேஸில் கேள்விக்குறியோடு வரும் வரிகள் இதிலிருந்து வேறு. ஸ்டாக்கில் குறியீட்டு முகவரி போலத் தெரிந்தும் அன்வைண்டர் உறுதிசெய்யாதவை அவை. பெரும்பாலும் மிச்சம் மீதிதான் என்றாலும், சங்கிலி அறுந்த நேரத்தில் அவைதான் கைகொடுக்கும்.

அறிகுறி: நம் அன்வைண்டர் சரியாக நிற்கிறது, ஜிடிபி மட்டும் தாண்டிப் போகிறது

ஜிடிபி என்ற டீபக்கர் முதலில் ட்வார்ஃப் தகவலைத்தான் (கம்பைல் செய்யும்போது கோப்பில் சேரும் டீபக் தகவலை) பார்க்கும், உங்கள் பூஜ்ஜியங்களை அல்ல. முந்தைய ஃபிரேமும் இதுவும் ஒன்றாக இருக்கிறது, ஸ்டாக் கெட்டுவிட்டதோ என்று அது கேட்டால் பெரும்பாலும் இந்தக் குறைதான். தொடக்க ரொட்டீனிலும் பூட் ரொட்டீனிலும் சிஎஃப்ஐ வழிகாட்டிகளை (ஃபிரேமின் நிலையை ட்வார்ஃபுக்குச் சொல்லும் அசெம்பிளி வரிகளை) எழுதி, திரும்பும் முகவரி வரையறுக்கப்படவில்லை என்று ஆர்ஐபிக்கு அறிவியுங்கள்; ஆர்ம்64இல் எக்ஸ்30க்கு. சி லைப்ரரியான ஜிலிப்சியின் தொடக்க ரொட்டீன் யூசர் நிரல்களுக்கு இதைத்தான் செய்கிறது.

ஆர்ம்64இல் திரும்பும் முகவரிகளின் மேல் பிட்டுகள் விசித்திரமாக இருந்தால் அது பாயிண்டர் அங்கீகாரம் போட்ட கையொப்பம். ஸ்டாக்கிலிருந்து எடுத்தவுடன் அதை நீக்கிவிட்டுப் பிறகு எல்லைச் சோதனை செய்யுங்கள், இல்லையென்றால் நல்ல முகவரியையே தள்ளிவிடுவீர்கள்.

திருத்திய பிறகு சோதிப்பது

பேனிக் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உடைந்தது தெரியவே தெரியாது. டீபக் பில்டில், டைமர் இன்டரப்ட் வரும்போதெல்லாம் எதையும் அச்சிடாமல் ஒருமுறை ஸ்டாக்கை உச்சி வரை நடந்து பாருங்கள். நின்ற காரணம் முதல் இரண்டில் ஒன்றாக இல்லாவிட்டால் உடனே நிறுத்தி, ஸ்டாக்கின் மெமரியை அப்படியே கொட்டச் சொல்லுங்கள். டைமர் எந்தக் கட்டளையில் வேண்டுமானாலும் வந்து விழும் என்பதால் நீங்கள் யோசித்தே பார்க்காத இடங்கள் அகப்படும். டைமர் அணைந்திருக்கும் பகுதிகளை என்எம்ஐயால் மட்டும்தான் தொட முடியும்; பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் நிரம்பும்போது என்எம்ஐ வரும்படி அமைத்து அதே சோதனையை ஓட்டுங்கள்.

தூங்கும் த்ரெட்களுக்கு ஷெட்யூலரில் ஒரு சோதனை போதும்: வெளியே போகும் த்ரெட்டைச் சேமித்தவுடன் அதன் சங்கிலியை நடந்து பார்ப்பது. வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை மட்டும் இப்படி வெளியிலிருந்து சோதிக்காதீர்கள். நீங்கள் படிக்கப் படிக்க அது மாறிக்கொண்டே இருக்கும். அந்த சிபியுவுக்கு இன்டரப்ட் அனுப்பி, தன் டிரேஸைத் தானே எடுக்கச் சொல்வதுதான் சரி.

தோல்விகளை வாசல் வாரியாக எண்ணுங்கள்: சிஸ்கால் வழியாக வந்தபோது எத்தனை, பேஜ் ஃபால்டில் எத்தனை, என்எம்ஐயில் எத்தனை என்று. புதிதாக ஒரு அசெம்பிளி வாசலைச் சேர்த்தவர் மேக்ரோவைப் போட மறந்திருந்தால், அந்த ஒரு எண் மட்டும் ஏறி அவரிடமே நேராகக் கொண்டுபோய் விடும்.